மில்லு நின்ன மத்தியானம்

அழுவறதுக்கு எடம் தேடி அலைஞ்ச பொம்பள எங்க லைன்லயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். சிரிக்காதீங்க. தண்ணிக்கு அலைஞ்சிருக்கோம், வெறகுக்கு அலைஞ்சிருக்கோம், அதெல்லாம் எல்லாருக்கும் உண்டு. வாயத் தொறந்து ஒரு பாட்டம் அழுவ எடம் கெடைக்காம தவிச்சவ நான். அந்தத் தவிப்புல பெத்த பொண்ணையே ரயிலேத்தி அனுப்பப் பார்த்தேன்.

அப்ப நாங்க குடியாத்தத்துப் பக்கத்துலேர்ந்து கோலாருக்கு வந்து கொஞ்ச வருசந்தான் ஆயிருந்துச்சி. மழை இல்ல, கெணத்துல தண்ணி இல்ல, தங்கச் சொரங்கத்துல வேல கீதுன்னு கேள்விப்பட்டு மூட்டையக் கட்டினவங்க நாங்க. எங்க ஊட்டுக்காரு, அவரோட அக்கா, அக்கா ஊட்டுக்காரு, நான், நாலு பேருக்கும் ஒரே தட்டி ஊடு. மூங்கத் தட்டிதான் செவுரு. இப்டி வரிசையா நிக்கற கூலிக்காரங்க ஊடுங்களத்தான் லைனுன்னு சொல்லுவோம். இங்க ஒருத்தன் தும்மினா நாலாவது ஊட்டுல "நூறு"ன்னு வாழ்த்துவாங்க. ரகசியம்னு ஒண்ணு அந்த லைன்ல பொழைக்கவே பொழைக்காது.

ஆனா சத்தம் போட முடியாது. ஏன்னா எந்நேரமும் யாராவது ஒருத்தர் தூங்கினு இருப்பாரு. ஆம்பளைங்க ஷிப்ட் ஷிப்டா மாறி மாறி சொரங்கத்துக்குள்ள எறங்குவாங்க. காலையில ஏறி வந்தவன் பகல் பூரா தூங்குவான். தூக்கம் கெட்டவன் கீழ போனா கை தப்பும், கை தப்பினா உசுரு தப்பாதுன்னு சொல்லுவாங்க. அதனால கோழி கூவினாக்கூட கோழிக்காரிக்குத் திட்டு விழும். கொழந்தைங்கள தெருக்கோடிக்கு வெரட்டிட்டுத்தான் ஒலையே வெப்போம்.

மில்லு சத்தம் மட்டும் இந்தக் கணக்குல வராது. எங்க லைனுக்கு எதிர்லயே, ரோட்டுக்கு அந்தாண்ட மில்லு. தங்கக் கல்ல இடிச்சி மாவாக்குற இரும்பு ஒலக்கைங்க வரிசையா நின்னு ராவும் பகலும் தடதடன்னு இடிக்கும். வந்த புதுசுல எனக்குத் தல வெடிச்சிடும்போல இருந்துச்சி. அப்புறம் காது பழகிப் பூடுச்சி, அது சத்தம்னே தோணாது. மில்லுக்கிட்ட வேல செய்றவங்க ஒதட்டையும் கையையும் பார்த்துத்தான் பேசிப்பாங்க.

அக்கா ஊட்டுக்கார நான் அண்ணன்னும், எங்க ஊட்டுக்காரோட அக்காவ அண்ணின்னும் கூப்டுவேன். தாயில்லாத தம்பிய இடுப்புல தூக்கி வளத்தவங்க. அவங்களுக்குப் புள்ள இல்ல. எனக்கு வாய் நீளம்னா அவங்களுக்கு அதுக்கு மேல ஒரு மொழம் நீளம். "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வாயத் தொறந்தா தட்டி பிச்சிக்கினு பூடும்"னு அவரு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.

பொண்ணு பொறந்தா. தீட்டுன்னு அண்ணி அவர உள்ள விடல. வாசப்படியில குந்திக்கினு எட்டிப் பார்த்தாரு. "மூக்கு எங்கம்மா மூக்கு"ன்னாரு. "கோணலா இருந்தா உங்கம்மா மூக்காத்தான் இருக்கணும்"னேன். இன்னா பேரு வெக்கறதுன்னு அங்கியே சண்ட. அவரு ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணு சொல்ல, நடுவுல அண்ணி மூணாவதா ஒண்ணு சொல்ல, "சரி சரி, ஷிப்ட் முடிச்சிட்டு வந்து பேசிக்கலாம்"னு சொல்லிட்டுக் கெளம்பினாரு.

அன்னிக்கி பூமி ஒரு ஒதறு ஒதறிச்சி. ரொம்ப ஆழத்துல பாற தானா வெடிச்சிச் செதறும், அதுக்கு ஏர் பிளாஸ்டுன்னு பேரு. மேல இருக்கறவங்களுக்கு காலுக்கடியில யாரோ கதவ அறைஞ்சி சாத்தினாப்ல இருக்கும். உறியில இருந்த சட்டி ஆடிச்சி. பாப்பா தூக்கத்துல சிரிச்சிது. பச்சக் கொழந்தைங்க சும்மாவே சிரிக்குமே, அந்தச் சிரிப்பு. அந்த ஒதறல்லதான் அவரு பூட்டாரு. எனக்குத் தெரியாது. நான் புள்ள சிரிக்கறத ரசிச்சினு படுத்திருந்தேன்.

எங்கிட்ட மறச்சிட்டாங்க. கேட்டா டபுள் ஷிப்டுன்னாங்க. அண்ணி எனக்கு மொகம் குடுக்காம மூலையில குந்திக்கினு பூண்டு உரிச்சினே இருந்தாங்க. பத்தியத்துக்கு எத்தினி பூண்டுதான் வேணும்? கடைசியில அவங்க சொன்னப்ப அவரு மேல மண்ணு மூடியாச்சி.

சொன்ன விதத்த நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஒரு கையால என் தோளப் புடிச்சாங்க. இன்னொரு கையால என் வாயப் பொத்தினாங்க. பொத்திக்கினுதான் சொன்னாங்க.

"அழுவாதமே. உன் காலப் புடிச்சிக்கறேன், அழுவாத. அழுத தாயோட பாலு புள்ளைக்கு வெசம். எந்தம்பி பூட்டான், அவன் மூஞ்சி இது ஒண்ணுதான் மிச்சம் கீது. இதையும் வாரிக் குடுத்துடாத."

எங்க சனங்க எல்லாருக்கும் அந்த நம்பிக்க உண்டு. பச்ச ஒடம்புக்காரி அழுதா பாலு திரிஞ்சி பூடும், கொழந்தைக்கு மாந்தம் வரும்பாங்க. யாரும் கெட்ட எண்ணத்துல சொல்லல. என் மேல இருக்கற பாசத்துலதான் என் வாய அடைச்சாங்க. நானும் அடைச்சிக்கினேன். தாலி எடுத்த அன்னிக்கிகூட எங்க ஊட்டுல ஒப்பாரி கெடையாது. வந்த பொம்பளைங்க மூக்க உறிஞ்சிக்கினு, ஜாடையிலயே பேசிட்டு எழுந்து போனாங்க. அண்ணியும் அழுவல. அவங்க அழுதா எனக்கும் வந்துடும்னு பல்லக் கடிச்சினு இருந்தாங்க. சாவு விழுந்த ஊடு மாதிரியே இல்ல. எவனோ வெளியூருக்குப் போயிருக்கறாப்ல இருந்துச்சி.

துக்கம் துக்கம்னு சொல்றாங்களே, எனக்குத் துக்கத்த விட கோவந்தான் பெருசா இருந்துச்சி. சொன்னா நம்ப மாட்டீங்க. வந்து பேசிக்கலாம்னு சொல்லிட்டுப் போன மனுசன் வரலன்னா கோவம் வராதா? சோத்துப் பானையப் பார்த்தா கோவம், அவரு வேட்டியப் பார்த்தா கோவம். அதுக்கு மேல வெக்கம். செத்தவன் மேல ஒருத்தி கோவப்படுவாளா, நான் இன்னா ஜென்மம்னு என்னையே நான் திட்டிப்பேன். அதையும் வாய்க்குள்ளயே.

இப்டியே போவப் போவ, நெஞ்சுக்குழியில ஒரு கல்லு உக்காந்துச்சி. ராவுல மூச்சு விட்டா பாதியிலயே நிக்கும். அப்புறம் பாலு கொறைய ஆரம்பிச்சிது.

கொறைஞ்சா சும்மா இருப்பாங்களா? ஆளுக்கொரு வைத்தியம். அண்ணி ராபர்ட்சன்பேட்டை சந்தைக்கு நடந்தே போயி பால்சுறா கருவாடு வாங்கினு வந்தாங்க. முருங்கக்கீர, வெந்தயக் களி, பூண்டுக் கஞ்சி. காலையில பூண்டுக் கஞ்சி, மத்தியானம் பூண்டுக் கஞ்சி, ராவுல பூண்டுக் கஞ்சி. என் வேர்வயே பூண்டு நாத்தம் அடிச்சிது. பாலு மட்டும் வரல. பாப்பா சப்பிச் சப்பிப் பார்த்துட்டு, மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கினு கத்துவா. ஆட்டுப்பால சங்குல புகட்டினா கக்கிடுவா. பொறந்தப்ப இருந்த கன்னம் பூடுச்சி, தாடை எலும்பு தெரிஞ்சிது.

இதுக்கு நடுவுல வேலைக்கும் போவ வேண்டி வந்துச்சி. மில்லுக்கு ஓரமா ஒரு கொட்டா. மேல வர்ற கல்லுல தங்கக் கல்லு வேற, வெத்துக் கல்லு வேறன்னு பொம்பளைங்க குந்திக்கினு பொறுக்குவோம். பாப்பாவ அண்ணிகிட்ட விட்டுட்டு வருவேன். மத்தியானம் விட்டதும் ரோட்டத் தாண்டி ஓடிப்போயி மாரக் குடுத்துப் பார்ப்பேன், வராது, திரும்பி வருவேன்.

எம் பக்கத்துல ஒரு வேதக்கார அக்கா, ஏசுசாமி கும்புடறவங்க, குந்துவாங்க. அவங்க மூத்த மவன் காய்ச்சல்ல செத்துட்டான். ஒரு நாளு என் தோளத் தொட்டு, ஒதட்ட அசைச்சி, "அழுதியா?"ன்னு கேட்டாங்க. இல்லன்னு தலையாட்டினேன். மாரக் காட்டி, பாலு கொடுக்கறவன்னு ஜாட பண்ணேன். அவங்க ஆகாசத்தக் காட்டினாங்க. "மோட்சத்துக்குப் போனவனுக்கு ஒப்பாரி எதுக்குன்னு கோயில்ல சொல்லிட்டாங்க. பாட்டுப் பாடிப் பொதைச்சோம். நானும் அழுவல"ன்னு ஒதட்டாலயே சொன்னாங்க. அப்புறம் ரெண்டு பேரும் குனிஞ்சி கல்லப் பொறுக்கினோம். சாமி வேறயா இருந்தா இன்னா, வாயப் பொத்தறது மட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு நெனச்சிக்கினேன்.

அழுவறதுக்கு எடம் தேடித் தேடிக் கடைசியில கால்தான் இட்டுனு போச்சி. மில்லுக்குப் பின்னால, பழைய தகரமும் ஒடஞ்ச சக்கரமும் போட்டு வெச்சிருந்த எடத்துல ஒரு நாளு ஒதுங்கினேன். அங்க செவுத்துல கைய வெச்சா எலும்பு வரைக்கும் ஆடும். "யம்மா"ன்னு கத்திப் பார்த்தேன். எங்குரலு எங்காதுக்கே கேக்கல. இன்னொரு தடவ கத்தினேன். கேக்கல. அடேயப்பா! ராஜாவுக்கு அரமன கெடைச்சாக்கூட அவ்ளோ சந்தோசம் இருந்திருக்காது.

ஆனா பயம் வுடல. ஒரு சின்ன அழுகைதான் அழுவேன், திருடித் துன்றவளாட்டம் ரெண்டு பக்கமும் பார்த்துக்கினு. ஒடனே பாப்பா ஞாபகம் வந்துடும். வாயப் பொத்திக்கினு ஓடியாந்துடுவேன். அழுத வெசம் போவட்டும்னு மொதப் பால மண்ணுல பீச்சிடணும்பாங்க. பீச்சறதுக்கு என்னாத்த கீது? ஒரு சொட்டு வராது.

அந்த வருசந்தான் காவேரி அருவியிலேர்ந்து கம்பி வழியா கரெண்டு கொண்டாந்து மில்ல ஓட்ட ஆரம்பிச்சிருந்தாங்க. முன்ன நீராவி இஞ்சினு இருந்தப்ப, நிக்கறதா இருந்தா மெள்ள மெள்ளத்தான் அடங்கும். கரெண்டுக்கு அந்த மரியாதையெல்லாம் கெடையாது. சொல்லாமக் கொள்ளாமப் போறதுல எங்க ஊட்டுக்காருக்கே அது அண்ணன்னு எனக்கு அப்பத் தெரியாது.

ஒரு சனிக்கெழம காலையில பாப்பா அழுவறத நிறுத்திட்டா. பசிச்சா கத்துற புள்ள, கத்தவே இல்ல. கண்ண மட்டும் தொறந்து தொறந்து மூடினா. அழுவறதுக்குக்கூட அதுங்கிட்ட தெம்பு இல்ல. அண்ணி அவளத் தூக்கிப் பார்த்தாங்க, என்னப் பார்த்தாங்க, அப்புறம் மெதுவாச் சொன்னாங்க.

"நாளைக்கி உங்க அண்ணனுக்கு லீவு. மாரிகுப்பத்துல ரயிலப் புடிச்சி நானும் அவரும் புள்ளைய ஆம்பூருக்கு இட்டுனு போறோம். எங்க ஓரகத்தி இப்பத்தான் பெத்துருக்கா, மாரு கொள்ளாத பாலு. அவகிட்ட வளரட்டும்."

"எப்ப திரும்ப வரும்?"னு கேட்டேன்.

அண்ணி பாப்பா தலையத் தடவினாங்க. "பொழைக்கட்டும்மே. யாருகிட்ட வளந்தா இன்னா, உசுரோட கீதுன்னு தெரிஞ்சா போதாதா?"ன்னாங்க. நான் சரின்னு தலையாட்டினேன். வேற இன்னா சொல்றது? கையில புள்ளய வெச்சிக்கினு, குடுக்க ஒண்ணும் இல்லாம, என்னுதுன்னு எப்டிச் சொல்றது?

அன்னிக்கி மத்தியானம் விட்டதும் நான் ஊட்டுக்குப் போவல. பாப்பா மூஞ்சியப் பார்க்க தைரியம் இல்ல. நேரா மில்லுக்குப் பின்னால போனேன். தகரத்து மேல குந்தினேன். இனிமே பயந்து இன்னா ஆவப் போவுது? பாலும் இல்ல, நாளைக்கிப் புள்ளயும் இல்ல. வெசம்னா என்னோட பூடட்டும். முந்தானைய ஒதறி இடுப்புல சொருவிக்கினு வாயத் தொறந்தேன்.

ஐயோ, அப்டி ஒரு அழுகைய நான் என் ஜென்மத்துல அழுததில்ல. மார்ல அடிச்சிக்கினேன். மண்ண வாரி எறைச்சேன். எங்க ஊட்டுக்கார நேருக்கு நேரு நிக்க வெச்சித் திட்டினேன்.

"எம் மாமோவ்! பேரு வெக்க வரேன்னியே, பேரில்லாத புள்ளயத் தூக்கி ரயில்ல ஏத்தறாங்களே! பூமிக்குள்ள பூந்தவனே, புள்ள கத்தறது கேக்கலியா ஒனக்கு? தனியா வுட்டுட்டுப் பூட்டியே, நான் இன்னா பாவம் பண்ணேன்! என்ன ஒரு வார்த்த கேட்டியா நீ? ஒரு வார்த்த!"

அவர முடிச்சிட்டு சாமிய எடுத்துக்கினேன். சாமிய முடிச்சிட்டு எங்க கொட்டா மேஸ்திரிய. அவன முடிச்சதும் அண்ணி ஞாபகம் வந்துச்சி. கொரல எடுத்து, "உங்கொக்கா கீறாளே, உங்கொக்கா!"ன்னு ஆரம்பிச்சேன்.

கரெண்டு பூடுச்சி.

அத்தினி ஒலக்கையும் ஒண்ணா நின்னுச்சி. நான் பாதியில இருந்தேன், நாக்கு நிக்குமா? "அவ குடுக்கற பூண்டுக் கஞ்சி நாறுது மாமோவ்! அத நீ வந்து குடி!"ங்கறது அந்த மைன் பூரா, ரோட்டத் தாண்டி லைன் பூரா, மொழுசாக் கேட்டுது.

அப்புறம் ஒரு அமைதி. அந்த மாதிரி அமைதிய நாங்க யாரும் அங்க கேட்டதே கெடையாது. எங்கியோ காக்கா கத்துச்சி. கோலார்ல காக்கா கீதுன்னே எனக்கு அன்னிக்கித்தான் தெரியும். எதிர்ல லைன்ல நைட் ஷிப்ட் ஆம்பளைங்க அத்தினி பேரும் தூக்கத்துலேர்ந்து துள்ளி எழுந்து, லுங்கியக் கையில புடிச்சினு வெளிய ஓடியாந்தாங்க. இடிக்கற சத்தத்துல செத்தாப்ல தூங்கறவங்க, சத்தம் நின்னதும் உலகமே முடிஞ்சிடுச்சின்னு நெனச்சிட்டாங்க. கொட்டாயிலேர்ந்து பொம்பளைங்க எட்டிப் பார்த்தாங்க. மில்லுக்குள்ளேர்ந்து ஆளுங்க வந்தாங்க. எல்லாரும் என்னையே பார்த்தாங்க.

எங்கையி தானா வாய்க்குப் போச்சி. பழக்கம். பாதி வழியில அது நின்னுச்சி. ஏன் மூடணும்னு தோணிச்சி. எல்லாருந்தான் கேட்டாச்சே. இன்னும் மூடி இன்னா மிச்சம் பண்ணப் போறேன்? எந்தத் தூக்கத்தக் காப்பாத்தப் போறேன், எல்லாரும் முழிச்சினுதான் கீறாங்க! கைய எடுத்தேன். எடுத்துட்டு, விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிச்சேன். இந்தத் தடவ எங்குரலு எங்காதுக்கே கேட்டுது. நான்தான் அழுவறேன், எங்க ஊட்டுக்காரு செத்துட்டாரு, எனக்குக் கோவமா கீது, எனக்கு அவரு வேணும். எல்லாம் என் காதால நானே கேட்டேன்.

மேஸ்திரி வந்தாரு. "ஏய், இன்னா கூத்து இது, எழுந்திரு"ன்னாரு.

"எம் புருசன் செத்ததுக்கு அழுவறேன். ஒனக்கு வேலயிருந்தா போ, இல்லன்னா குந்து"ன்னேன். மனுசன் அசந்துட்டாரு. தொப்பியக் கையில எடுத்துக்கினு அப்டியே ஒதுங்கி நின்னாரு.

மொதல்ல வந்தது அந்த வேதக்கார அக்காதான். எம் பக்கத்துல குந்தினாங்க, எங்கழுத்தக் கட்டிக்கினாங்க, "எம் மவனே!"ன்னு ஒரு கொரல் விட்டாங்க பாருங்க, என் மயிர்க்கால் நின்னுடுச்சி. அதுக்கப்புறம் கொட்டாயில இருந்த பொம்பளைங்க ஒவ்வொருத்தியா வந்து வட்டமாக் குந்தினாங்க. யாருக்கு ஆளு போவல? ஒருத்திக்குப் புருசன், ஒருத்திக்கு அண்ணன் தம்பி, ஒருத்திக்கு வவுத்துப் புள்ள. தூங்கறவன் தூக்கம் கெடும்னு எல்லாரும் முழுங்கி வெச்சிருந்தவங்கதான். அன்னிக்கி எல்லாம் வெளிய வந்துச்சி.

இதுக்குள்ள ரோட்டுக்கு அந்தாண்டேர்ந்து அண்ணி வந்தாங்க. பாப்பாவ இடுப்புல இடுக்கினு, தலமுடி அவுந்து, கண்ணு செவந்து, என்ன அடிக்கவே வந்தாங்க. "அடிப் பாவி! வெசமாக்கறியே! எந்தம்பி புள்ளையக் கொல்றியே! வாய மூடுடி!"

"மூட மாட்டேன் அண்ணி!"

"பூண்டுக் கஞ்சி நாறுதா ஒனக்கு?"

"நாறுது!"

அண்ணி கைய ஓங்கினாங்க. நான் மூஞ்சியத் திருப்பல. "அடிங்க அண்ணி. அடிச்சிட்டு நீங்களும் அழுங்க. உங்க தம்பிதானே அவரு? எனக்கு முன்னாடி உங்களுது ஆச்சே! நீங்க அழுவலன்னா அவருக்கு வேற யாரு அண்ணி அழுவாங்க?"

ஓங்கின கையி அப்டியே நின்னுச்சி. அண்ணி ஒதடு கோணிக்கினு போச்சி. "எந்தம்பி"ன்னாங்க, ரொம்ப சின்னக் கொரல்ல. அப்புறம் எம் முன்னால குந்திட்டாங்க. இடுப்புல தூக்கி வளத்த கதயெல்லாம் சொல்லி, சோறு ஊட்டின கதயெல்லாம் சொல்லி, அவங்க அழுத அழுகைக்கு முன்னால என்னுது ஒண்ணுமேயில்ல. நான் அவங்களக் கட்டிக்கினேன். நடுவுல பாப்பா நசுங்கினு இருந்தா.

அப்பத்தான் எம் மாரு ஈரமா கீதுன்னு எனக்குத் தெரிஞ்சிது. கண்ணீருன்னு நெனச்சேன். கண்ணீரு சூடா இப்டி ரெண்டு பக்கமும் ஊத்துமா? பொடவ நனைஞ்சி வவுத்துல வழிஞ்சிது. பாப்பா மூக்கத் தூக்கினா. மோப்பம் புடிச்சி, தலைய இப்டியும் அப்டியும் ஆட்டி, எங்கேர்ந்துதான் தெம்பு வந்துச்சோ, கப்புன்னு கவ்வினா. ஒரு மொடக்கு. இன்னொரு மொடக்கு. தொண்டயில எறங்கற சத்தம் கேட்டுது. மில்லு ஓடினு இருந்தா அது கேட்டிருக்காது. பாலு வேகமா வந்துட்டுதா, பொரை ஏறி இருமினா, இருமிட்டு மறுபடியும் கவ்வினா.

நான் பயந்து பூட்டேன். அழுத பாலாச்சே! வெலக்கறதுக்குக் கைய வெச்சேன். அண்ணி எங்கையத் தட்டி விட்டாங்க. புள்ள குடிக்கறதையே பார்த்தாங்க. மூக்கு ஒழுவுது, கண்ணு ஒழுவுது, தொடைக்கக்கூட இல்ல.

"அழுடி"ன்னாங்க.

"அண்ணி?"

"நிறுத்தாதடி, அழு! புள்ள குடிக்குது, அழு! ஐயோ, எந்தம்பி பொண்ணு குடிக்குது, எல்லாரும் அழுங்கடி!"

சுத்தி குந்தியிருந்தவங்க அழுகையோட சிரிச்சிட்டாங்க. நானும் சிரிச்சேன். அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சி, எது எதுன்னு தெரியல. பாப்பா ரெண்டு பக்கமும் குடிச்சி முடிச்சி, வாயோரத்துல பாலு வழிய அங்கியே தூங்கிட்டா. என் நெஞ்சுக்குழியக் கையால தொட்டுப் பார்த்தேன். மூச்சு அடி வரைக்கும் போயி வந்துச்சி.

கரெண்டு வர பொழுது சாஞ்சிடுச்சி. அண்ணன், அதான் அண்ணி ஊட்டுக்காரு, வாசல்ல பீடி புடிச்சினு நின்னாரு. அவரு தூக்கத்தக் கெடுத்துட்டோமேன்னு எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சி. அவரு சொன்னாரு, "நாங்க ஒலக்க இடிக்கறதுலயே தூங்கறவங்கமா. பொம்பள அழுகையிலயா முழிச்சிக்கப் போறோம்? அழுவணும்னா ஊட்டுலயே அழுங்க. சத்தம் நின்னாத்தான் எங்களுக்கு பயம்." அந்த ஒரு வார்த்த லைன் பூரா பரவிடுச்சி. அதுக்கப்புறம் எங்க லைன்ல எவளும் அழுவறதுக்கு ஒளிய வேண்டி வரல.

மறுநாளு மாரிகுப்பத்து ரயிலு ஊதறது கேட்டுது. நாங்க யாரும் ஏறல. அண்ணி அடுப்பு மூட்டிக்கினு இருந்தாங்க, பாப்பா கத்தினு இருந்தா. அந்தக் கத்தல் எனக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்துச்சி.

ஒரே நாள்ல எல்லாம் சரியாப் பூடுச்சின்னு சொல்ல மாட்டேன். கோவம் அப்பப்ப வரும். துக்கம் சொல்லாம வந்து மடியில குந்திக்கும். வந்தா வெரட்டறதில்ல, வா, குந்து, ஒரு பாட்டம் அழுதுட்டுப் போன்னு வுட்டுடுவேன். அடைச்சி வெச்சாத்தான் அது கல்லாவுது. எனக்கு வேற வேதாந்தம் தெரியாது.

ஆனா அண்ணி இருக்காங்களே, அவங்க ஒரு நம்பிக்கைய விட்டா இன்னொண்ணப் புடிச்சிக்கறவங்க. அழுதாத்தான் பாலு ஊறும்னு முடிவு கட்டிட்டாங்க. லைன்ல எவளுக்காவது பாலு கொறைஞ்சா, "கூட்டினு வாங்கடி அவள, அழ வெக்கலாம்"னு கெளம்பிடுவாங்க. என்னத் தெனம் பாப்பாவோட பாயில குந்த வெச்சி, "ம், ஆரம்பி"ம்பாங்க. நானும் அழுவேன். கஷ்டமா? அழுவறதுக்கு நமக்குக் காரணம் இல்லாமலா போச்சி?

ஒரு நாளு அப்டித்தான் குந்தினேன். பாப்பாவுக்குக் கன்னம் உப்பியிருந்துச்சி. மாரக் கவ்விக்கினு, ஒரு கையால எம் மூக்கப் புடிச்சி இழுத்துக்கினு இருந்தா. அவர நெனச்சிப் பார்த்தேன். நெனச்சேன், நல்லாவே நெனச்சேன். அழுகை வரல. சிரிப்புதான் வந்துச்சி.

"இன்னாமே சிரிக்கற? அழு. புள்ள குடிக்குதில்ல?"

"வரல அண்ணி. இன்னிக்கி வரவேயில்ல. நான் இன்னா பண்றது?"

அண்ணி என்னப் பார்த்தாங்க. பாப்பாவப் பார்த்தாங்க. அப்புறம், "சரி, நீ புள்ளையப் பாரு. இன்னிக்கி நான் அழுவறேன்"னு சொல்லிட்டு, கால நீட்டி வசதியாக் குந்திக்கினு, தம்பிய நெனச்சி ஆரம்பிச்சாங்க. பாப்பா மடமடன்னு குடிச்சினே இருந்தா.